வழியில் வந்த ஜோடி

ஜனவரி 17, வெள்ளி. திருச்சி

மதுவந்தியிடம் ஒரு பொய் சொல்லிவிட்டேன். ஓய்வுபெற்றவர்கள் பத்துப் பேர் சேர்ந்து ராமேஸ்வரம் போகிறோம், என் சிநேகிதி கமலவேணியும் வருகிறாள், வேன் பேசியாயிற்று என்று. புனேயிலிருந்து என் மகள் கேட்ட முதல் கேள்வி, வேனில் ஏசி உண்டா என்பது. உண்டு என்றேன். வேனே இல்லை, அதில் ஏசி வேறு.

போவது இரண்டே பேர். நானும் சபாநாயகம் சாரும், அவருடைய பழைய காரில். அவருக்குப் பறவை பார்க்கிற பைத்தியம். ராமநாதபுரம் பக்கம் கண்மாய்களில் இப்போது தண்ணீர் நிற்கிறதாம், எங்கெங்கிருந்தோ பறவைகள் வந்து இறங்கியிருக்கின்றனவாம். எனக்குக் காக்கா, குருவி, கொக்கு மூன்றும் தெரியும். போதாதா?

அவர் சர்வே துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய் ஆறு வருஷம். என் வீட்டுக்காரர் போய்ப் பதினொன்று. நாங்கள் அறிமுகமானது வங்கியில், இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம் என்று பென்ஷன்காரர்கள் வருஷா வருஷம் போய் நிரூபிக்கிற வரிசையில். எனக்கு முன்னால் நின்றவர் பேனா கேட்டார், கொடுத்தேன். திருப்பிக் கொடுக்க வீடு வரைக்கும் வந்தார்.

அவர் ஒன்று கேட்டிருக்கிறார். என்ன என்று எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன். என் நோட்டில் எழுத எனக்கென்ன பயம்? பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டார். ஊர் திரும்புகிற அன்று பதில் சொல்கிறேன் என்றேன். பதில் எனக்கு இப்போதே தெரியும். முடியாது. அறுபத்தொரு வயதில் மகளிடம் போய் எந்த முகத்தோடு சொல்வது? மறுப்பதையும் நேரில், மரியாதையாகச் சொல்ல வேண்டும் என்பதற்குத்தான் இந்தப் பயணமே. வேறு காரணம் கிடையாது. புதுப்புடவை இரண்டும் பொங்கலுக்கு எடுத்தவை.

ஜனவரி 18, சனி

பரமக்குடியில் லாட்ஜ். இரண்டு ரூம். "ரெண்டா?" என்று லாட்ஜ்காரர் கேட்டார். "ரெண்டு" என்றோம் இருவரும், ஒரே நேரத்தில், கொஞ்சம் சத்தமாக.

ஜனவரி 19, ஞாயிறு. கள்ளியூரணி

கார் படுத்துவிட்டது. எங்கே? வரைபடத்தில் தேடினாலும் கிடைக்காத ஊரில், கண்மாய்க் கரை ஓரத்தில். கிளட்ச் பிளேட் போய்விட்டதாம். முதுகுளத்தூரிலிருந்து வந்த மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, சாமான் மதுரையிலிருந்து வர வேண்டும், நாலைந்து நாள் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குள் ஊரே கூடிவிட்டது. ஆண்கள் காரைச் சுற்றி, பெண்கள் என்னைச் சுற்றி. முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள் நான். அடுத்தவர் பேச்சு எவ்வளவோ காதில் விழுந்திருக்கிறது, ஒரு கேள்வி திருப்பிக் கேட்டதில்லை. இவர்கள் எல்லாவற்றையும் கேட்டார்கள். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், எத்தனை அறை உள்ள வீடு, முட்டிவலி உண்டா, ராத்திரிக்குச் சோறா சப்பாத்தியா. இருளாயி என்று ஒருத்தி, வாயில் வெற்றிலையோடு என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து, "பல்லு எல்லாம் சொந்தப் பல்லாக்கா?" என்றாள்.

"சொந்தம்தான்."

"அண்ணனுக்கு?"

எனக்கு எப்படித் தெரியும்? "அவருக்கும்தான்" என்று சொல்லிவைத்தேன்.

பிள்ளைகள் எத்தனை என்பதற்கு ஒரே பொண்ணு என்றேன். அதே நேரத்தில் கார் பக்கம் சார் இரண்டு மகன் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். ஐந்து நிமிஷத்தில் இரண்டு கூட்டமும் செய்தியை மாற்றிக்கொண்டு முழித்தது. முத்துராக்கு என்கிற பெண்தான், நாற்பத்தைந்து வயது இருக்கும், "ஆக மொத்தம் மூணு. அவுக பொண்ணச் சொன்னாக, அவரு பயலுகளச் சொன்னாரு, இதுக்கென்ன?" என்று முடித்துவைத்தாள். நான் தலையை ஆட்டினேன். ஒரு வாரத்தில் இரண்டாவது பொய்.

தங்கவும் அவள் வீட்டில்தான் இடம் கிடைத்தது. ஓட்டு வீடு. பக்கத்தில் புது வீடு பாதி எழும்பி நிற்கிறது. உள் அறையைக் காட்டி, "நீங்க ரெண்டு பேரும் இதுல படுத்துக்கங்க" என்றாள். சார் பயங்கரமாகக் குறட்டை விடுவார், நான் பக்கத்தில் படுப்பதே இல்லை என்று சொன்னேன். மூன்றாவது. அவரைப் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்துக்குக் கட்டிலோடு அனுப்பிவைத்தார்கள். போகும்போது என்னை அப்பாவியாக ஒரு பார்வை பார்த்தார்.

ஜனவரி 20, திங்கள்

காலையில் பரமக்குடிக்கு ஒரு பஸ் இருக்கிறது. அதில் ஏறினால் சாயங்காலம் திருச்சி. காரை அனாதையாக விட்டுவிட்டுப் போவது சரியில்லை என்பதால் நானும் இருந்துவிட்டேன்.

டவர் கிடையாது. கண்மாய்க் கரையில் ஏறி நின்றால் ஒரு புள்ளி வருகிறது. மதுவந்தியிடம் இரண்டு நிமிஷம் பேசினேன். ராமேஸ்வரத்தில் நல்ல காற்று என்றேன்.

முத்துராக்குவின் வீட்டுக்காரர் சோணைமுத்து இந்தக் கண்மாயின் நீர்பாய்ச்சி. எந்த வயலுக்கு எப்போது மடை திறப்பது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. சாரும் அவரும் ஒரே நாளில் ஒட்டிக்கொண்டார்கள். விடிந்ததும் கரைக்குப் போய்விடுகிறார்கள். பைனாகுலரைக் கொடுத்தால் சோணைமுத்து பறவையைப் பார்க்காமல் தூரத்து மடையில் யார் வாய்க்காலை வெட்டுகிறார்கள் என்று பார்க்கிறாராம்.

எனக்குக் கூழைக்கடாவைக் காட்டினார்கள். மூக்கின் கீழ் ஒரு பையோடு, பாவமாக இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன், பத்து மணி ஆகிவிட்டது.

ஜனவரி 21, செவ்வாய்

பம்புசெட்டில் குளித்தேன். கடைசியாக இப்படிக் குளித்தது கல்யாணத்துக்கு முன்னால். முத்துராக்கு முதுகு தேய்த்துவிட்டாள், வேண்டாம் என்றால் கேட்கிற ஆள் இல்லை.

மத்தியானம் கண்மாய்க் கெண்டைக் குழம்பு. ருசி அபாரம், ஆனால் மீனில் சதையைவிட முள் அதிகம். எனக்கு முள் எடுக்க வராது, சின்ன வயதிலிருந்தே பயம். சார் எதுவும் சொல்லாமல் ஒவ்வொரு துண்டாக முள் எடுத்து என் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார். நானும் வேறு எதையோ பேசிக்கொண்டே சாப்பிட்டுவிட்டேன். நாகரிகம் தெரிந்த மனிதர். அவ்வளவுதான், அதில் எழுத ஒன்றும் இல்லை.

கேள்விகள் தொடர்கின்றன. இன்று ஒருத்தி, "ஒங்களுக்குள்ள சண்ட சச்சரவு உண்டாக்கா?" என்றாள். இல்லை என்றேன். அதுவாவது உண்மை.

ஜனவரி 22, புதன்

மாட்டிக்கொண்டேன்.

காலையில் முத்துராக்கு முகத்தைக் கழுவி, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். நாளைக்குப் புது வீட்டுக்கு நிலை வைக்கிறார்களாம். நிலைக் கதவுச் சட்டத்தைத் தூக்கி நிறுத்தியதும் முதல் குங்குமம் நான் வைக்க வேண்டுமாம், சார் பக்கத்தில் நிற்க வேண்டுமாம்.

"நானா? ஊரில் இத்தனை பேர் இருக்காங்களே" என்றேன்.

"அதுதான்க்கா சிக்கலு. எங்க வகையறாவுல உள்ளூர்க்காரி மொதக் குங்குமம் வைக்கக் கூடாது. முந்தி வச்சுக்கிட்டுத்தான் இருந்தாக. ஒருத்தியக் கூப்புட்டா இன்னொருத்தி மூஞ்சியத் தூக்கிக்கிருவா. எங்க பெரிய மாமனார் வீட்டு நெலையில ஆரம்பிச்ச சண்ட, பதினாலு வருசம் ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கெடையாது. அதுக்கப்புறம் ஒக்காந்து பேசி முடிவு பண்ணிட்டாக. வழியில வந்த ஜோடி வைக்கட்டும். வச்சுட்டு அவுக பாட்டுக்குப் போயிருவாக, யாரு யாரக் கோவிக்க?"

இருளாயி அவளுக்கு நாத்தனார். இருளாயி வீட்டு நிலைக்குக் குங்குமம் வைத்தது ஒரு வளையல்காரரும் மனைவியும். அதற்கு முன் ஒரு வீட்டுக்குப் பாய் விற்க வந்தவர்கள். ஜோடி கிடைக்காமல் மாசக்கணக்கில் நிலை சாய்ந்து கிடந்த வீடும் உண்டாம். இவள் வீட்டு நிலை கார்த்திகையிலிருந்து காத்துக்கிடக்கிறது. நாங்கள் வந்து நின்றதும் ஊருக்கே நிம்மதி.

இப்போது புரிகிறது. பல், முட்டி, பிள்ளைகுட்டி, சண்டை சச்சரவு எல்லாம் வெறும் ஊர்வம்பு இல்லை. நான்கு நாளாக என்னைத் தேர்வு வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நான் பொய் எழுதியே பாஸாகிவிட்டேன்.

வெற்றிலையை எடுத்துக்கொண்டேன். எடுக்காமல் எப்படி இருப்பது?

சாரிடம் கரையில் வைத்துச் சொன்னேன். "உண்மையைச் சொல்லிடலாமே" என்றார். அவருக்கென்ன. ஆண்பிள்ளை. அண்ணன் மகள் கல்யாணத்தில் ஆரத்தித் தட்டை என் கையிலிருந்து வாங்கி இன்னொருத்தியிடம் கொடுத்தார்கள். பிடுங்கவில்லை, மெதுவாகத்தான் வாங்கினார்கள். அண்ணி நல்லவள். நான் அதை அன்றைக்கே மறந்துவிட்டேன். அன்று அவள் கட்டியிருந்தது மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டு.

"அப்ப சொல்லாமலே வச்சிடுங்க" என்றார்.

"நாளைக்கு அந்த வீட்டில் ஒருத்தருக்குத் தலைவலி வந்தாலும் என்னாலதான்னு நான் கிடந்து தவிப்பேன் சார்."

"சொல்லவும் முடியாது, சொல்லாம இருக்கவும் முடியாது. அப்ப என்னதான் பண்றது?"

"காலை பஸ்ஸில் போயிடலாம்."

அவர் பைனாகுலரை உறையில் போட்டு மூடினார். "என் கூட இருக்கிறது பொய்யாவே இருந்தாத்தான் உங்களுக்கு வசதி, இல்லையா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன்.

பெட்டியைக் கட்டிவிட்டேன்.

ஜனவரி 23, வியாழன்

நடந்ததை ஒன்று விடாமல் எழுத வேண்டும். பிறகு நானே நம்ப மாட்டேன்.

பஸ் ஏழே கால். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து. ஆறரைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறையை விட்டு வந்தேன். சமையல்கட்டில் முத்துராக்கு தனியாக உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். புதுப்புடவை, தலை நிறையப் பூ. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை.

"என்னால குங்குமம் வைக்க முடியாதும்மா" என்றேன்.

"ஏன்க்கா, மேலுக்கு முடியலையா?"

"அவர் என் வீட்டுக்காரர் இல்லை. என் வீட்டுக்காரர் போய்ப் பதினொரு வருஷம் ஆச்சு."

 அவள் துருவுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்க்கா."

"எப்படி?"

"அங்கிட்டு ரெண்டு பயலுக, இங்கிட்டு ஒரு பொண்ணுன்னு சொன்னீகள்ல, அப்பவே இருளாயி சொல்லிட்டா. நான் நம்பல. பம்புசெட்டுல குளிக்கையில பாத்தேன், செயின்ல புள்ளையாரு மட்டுந்தான் தொங்குறாரு. அப்பவும், டவுன்காரவுக, தாலியக் கழட்டி வச்சிருப்பாகன்னுதான் நெனச்சேன். முந்தாநேத்து அண்ணன் கெண்டையில முள்ளு எடுத்து ஒங்க தட்டுல வச்சாரு பாருங்க, அப்பத்தான் எனக்கு உறுதியாச்சு. எந்தப் புருசன்க்கா முள்ளு எடுத்துக் குடுக்கான்? எங்காளு கலியாணம் ஆன நாளா எம் பங்கையுஞ் சேத்துத் திங்கிறாரு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "தெரிஞ்சும் ஏன் என்னைக் கேட்டே?"

"நீங்களா வாயத் தொறப்பீகளான்னு பாத்தேன். மறைச்சு வச்சிருந்தீகன்னாத்தான் எனக்கு மனசு கெடந்து அடிச்சிருக்கும்." துருவலை மூடி வைத்துவிட்டு எழுந்தாள். "எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா வீடு எனக்கு மட்டுமா? ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துர்றேன்."

போய்விட்டாள். நான் தேங்காய் மூடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே பேச்சுக் கேட்டது. தாலி இல்லாதவர்களை எப்படி என்று ஒரு குரல். வழியில் வந்த ஜோடி என்றுதானே பேச்சு, தாலியைப் பற்றி எப்போது பேசினோம் என்று இன்னொரு குரல். அந்த வளையல்காரர் கூட வந்தது அவருக்கு ரெண்டாந்தாரம், அதை யார் கேட்டோம் என்று ஒன்று. நேரம் போகிறது என்று சோணைமுத்து. பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனதும் கேட்டது. எழுந்து ஓடியிருக்கலாம். ஓடவில்லை. அப்படி ஒரு பயம் எனக்குப் பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட வந்ததில்லை. அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாதே என்றுதான் பயம். அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

சோணைமுத்து மடையைப் பார்க்க அவசரமாகக் கரைக்குப் போனார். சார் ஏற்கனவே அங்கேதான், என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல். பெண்கள் ஏழெட்டுப் பேர் உள்ளே வந்தார்கள். முன்னால் இருளாயி. இன்று வாயில் வெற்றிலை இல்லை.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்குறோம். ஒளிக்காமச் சொல்லணும். ஜோடின்னாத்தான் வைக்கலாம். சும்மா கூட வந்தவுகன்னா வைக்கக் கூடாது. நீங்க ஜோடியா, சும்மா கூட வந்தவுகளா?"

நான் என் பெட்டியைப் பார்த்தேன்.

"அவரக் கட்டிக்கிடப் போறீகளா இல்லையா?"

மறுப்பதற்கு நான் மூன்று வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். திருச்சியிலிருந்து மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து, மரியாதையான, நல்ல வாக்கியங்கள். ஒன்றுகூட வரவில்லை.

"கட்டிக்கிறேன்" என்றேன்.

"ஆத்தாடி, இதச் சொல்ல நாலு நாளா!" என்றாள் இருளாயி. முத்துராக்கு குலவை போட்டுவிட்டாள். அவள் போட்டதும் மற்றவர்களும் போட்டார்கள். மேஸ்திரி என்னமோ ஏதோவென்று சாந்துக் கரண்டியோடு ஓடிவந்தார்.

சாருக்கு இது எதுவும் தெரியாது. கரையிலிருந்து இறங்கி வந்திருக்கிறார். வழியில் ஆடு மேய்க்கிறவர் சிரித்திருக்கிறார். டீக்கடைக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறார். யாரோ ஒரு பெண், "மகராசனா இருங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். வாசலில் வந்து நின்று, "என்ன ஆச்சு? ஏன் எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கிறாங்க? பஸ் போயிடுச்சே?" என்றார்.

 இருளாயிதான் சொன்னாள். "ஒங்களக் கட்டிக்கிட அக்காவுக்குச் சம்மதமாம்ணே."

அவர் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "நான் யாருகிட்டக் கேட்டேன், யாருகிட்டருந்து பதில் வருது!" என்றார். குரல் உடைந்துபோய் இருந்தது. பெண்கள் அத்தனை பேரும் அவர் அழுவதை வெட்கமில்லாமல் வேடிக்கை பார்த்தார்கள்.

ஒன்பது பத்துக்கு நிலையை நிறுத்தினார்கள். முத்துராக்கு தட்டை நீட்டினாள். மஞ்சள், குங்குமம், பூ. சார் பக்கத்தில் வந்து நின்றார். குங்குமத்தில் விரல் வைத்தேன்.  நிலையின் நெற்றியில் மூன்று பொட்டு வைத்தேன். நடுப்பொட்டு கொஞ்சம் கோணல். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

முடிந்தது என்று தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். முத்துராக்கு வாங்கவில்லை. நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் இருளாயி, அவளுக்குப் பின்னால் வரிசையாக எல்லோரும். நிலைக்கு வைத்த கையால் வீட்டுக்கு வந்த பெண்களுக்கும் வைத்துவிடுவதுதான் வழக்கமாம். ஒவ்வொருத்தியாகக் குனிந்து நெற்றியைக் காட்டினார்கள், நான் வைத்தேன். இருபத்திமூன்று நெற்றி. அந்த ஆரத்தித் தட்டை என் கையிலிருந்து வாங்கிய நாளிலிருந்து இன்று வரை ஒரு நல்ல காரியத்திலும் நான் முன்வரிசையில் நின்றதில்லை. மறந்துவிட்டேன் என்று நேற்று எழுதியிருக்கிறேன். பொய். ஒருநாளும் மறக்கவில்லை.

மறுபடி கெண்டைக் குழம்பு. முள் எடுத்து வைத்தார். முழு ஊரும் பார்த்துக்கொண்டிருந்தது.

ஜனவரி 24, வெள்ளி

கார் ரெடி. கிளம்பும்போது முத்துராக்கு ஒரு சாக்கில் தேங்காயும் பனங்கிழங்கும் போட்டுக் கட்டிவைத்தாள். எதற்கு இத்தனை என்றால், "ரெண்டு வீட்டுக்கும்" என்றாள். பிறகு யோசித்து, "சரி, ஒரு வீட்டுக்கே" என்றாள். திருச்சி வரும்வரை நாங்கள் அதிகம் பேசவில்லை. பேசாமல் இருப்பது கஷ்டமாகவும் இல்லை.

ஜனவரி 25, சனி. திருச்சி

காலை பத்து மணிக்கு மதுவந்திக்குப் போன் செய்தேன். எக்ஸ்சேஞ்சில் மரணச் செய்திகளைக்கூடக் கைநடுங்காமல் இணைத்துக் கொடுத்தவள், என் மகள் நம்பரை இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் ராமேஸ்வரம் போகலை" என்றேன்.

"தெரியும்" என்றாள். "கூட வர்றதா நீ சொன்ன கமலவேணி ஆன்ட்டி வீட்டிலேயே இருக்காங்க. திங்கட்கிழமையே பேசிட்டேன். அம்மா, எந்த ஆஸ்பத்திரியில இருக்கே? என்ன கட்டி? டாக்டர் என்ன சொன்னார்?"

"என்ன கட்டியா?"

"மறைக்காதே. அஞ்சு நாளா நான் தூங்கலை. டிக்கெட்கூடப் போட்டுட்டேன்."

எனக்கு ஒரு கட்டியும் இல்லை, ஒருத்தரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று சொன்னேன். ஒரே மூச்சில், அவர் பெயர், வேலை, மகன்கள் எல்லாவற்றையும் சேர்த்து.  லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"இவ்வளவுதானா?" என்றாள்.

"இவ்வளவுதான்."

அப்புறம் அழுதாள், ரொம்ப நேரம். அப்புறம் கோபம் வந்துவிட்டது. யார் அந்த ஆள், எப்படிப்பட்டவர் என்று தனக்குத் தெரிய வேண்டும், டிக்கெட்டை ரத்து செய்ய மாட்டேன், புதன்கிழமை வருகிறேன், அதுவரைக்கும் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்றாள். போட மாட்டேன் என்றேன்.

போனை வைத்துவிட்டு நானும் அழுதேன், நிம்மதியில்தான். பிறகு நல்ல பசி. ஐந்து தோசை சாப்பிட்டேன்.